பருவத்துக்கு வந்த மாட்டை முதலில் பார்ப்பவர் யார்?

சென்னையில் நாங்கள் நடத்தும் கறவை மாடு வளர்ப்புப் பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பால் சொசைட்டியின் உறுப்பினர் புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே அழைப்பும் போகிறது. "உங்கள் மாடு கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது?" என்று கேட்டால், பலர் வெளியே போய், வீட்டுக்கு ஃபோன் போட்டு விசாரித்து வந்துதான் பதில் சொல்வார்கள். பயிற்சி தேவைப்படுபவர் ஃபோனின் மறுமுனையில் இருக்கிறார் என்பது எனக்கே சில ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது.

சினையாகாத கறவை மாடு சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு, அதாவது சினைபிடிக்கத் தயாரான நிலைக்கு, வரும். அறிகுறிகள் ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரமே தெரியும். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினை ஊசி (செயற்கை முறைக் கருவூட்டல்) போட வேண்டும். மாடு கத்துவதையும், பால் குறைவதையும், வாலில் கண்ணாடி போல வழும்பு ஒட்டியிருப்பதையும் விடியலில் சாணி அள்ளும் பெண்ணே முதலில் பார்க்கிறார். பொன்னேரிப் பக்கம் ஓர் அம்மா, "நேத்து காலையிலேயே கத்துச்சு சார், அவரு வரட்டும்னு இருந்துட்டேன்" என்றார். ஊசி போடுபவரின் எண், சென்னைக்கு வேலைக்குப் போயிருந்த கணவரின் ஃபோனில் இருந்தது. அந்த ஒரு நாள் தாமதம் 21 நாள் தீவனச் செலவாயிற்று.

இதைவிடக் கவலை தருவது, மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கி மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா நோய். அந்நோயால் கன்று வீசிய (கரு கலைந்த) மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளிப் புதைப்பவருக்கு அது தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் நீடிக்கும். கையுறை அணியுங்கள், கர்ப்பிணிகள் அருகே போக வேண்டாம், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுங்கள் என்பதையெல்லாம், அந்த வேலையைத் தொடாதவர்களிடமே நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டம் பெண்களை முன்னிறுத்தியது வரவேற்கத்தக்கதே. ஆனாலும், ஆடு பெண்ணின் பெயரில் இருந்தாலும் வியாபாரி வாசலில் நின்று விலை பேசுவது பெரும்பாலும் வீட்டு ஆணிடம்தான்.

காலை பத்து மணிக் கூட்டத்துக்கு, புல் அறுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போன பெண்கள் எப்படி வருவார்கள்? இப்போது மதியக் கறவைக்கு முன், அவர்கள் தெருவிலேயே வேப்பமரத்தடியில் கூடுகிறோம். பொன்னேரி அம்மா கொட்டகைச் சுவரில் ஊசி போடுபவரின் எண்ணைக் கரியால் எழுதி, அதன் கீழே மாடு பருவத்துக்கு வந்த தேதிகளைக் குறித்து வருகிறார்.