படிவத்தில் நடப்பவருக்குக் கட்டம் இல்லை

போக்குவரத்துத் திட்டமிடல் பணியில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, ஒரு சந்திப்பில் காலை முதல் இரவு வரை நின்று வண்டிகளை எண்ணுவது. கையில் ஓர் அட்டை, அதன் மேல் படிவம். கார், இருசக்கர வாகனம், பேருந்து, லாரி, சைக்கிள் என்று கட்டங்கள் இருந்தன. வண்டிக்கு ஒரு கோடு; ஐந்தாவது கோடு முந்தைய நான்கையும் குறுக்கே வெட்டும். பிறகு அந்தக் கோடுகளைக் 'கார் அலகு' என்ற அளவுக்கு மாற்றுவோம். காருக்கு ஒன்று. பேருந்து அடைக்கும் இடத்தைக் கருதி அதற்கு ஏறக்குறைய மூன்று. எழுபது பேரைச் சுமந்து வந்த பேருந்தும் மூன்றுதான், ஆளில்லாமல் பணிமனைக்குத் திரும்பும் பேருந்தும் மூன்றுதான். சாலையைக் கடக்கக் காத்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும், கைக்குழந்தையோடு ஓரமாக நடந்துபோன பெண்களுக்கும் படிவத்தில் கட்டமே இல்லை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கணக்கை வைத்தே சந்திப்பு அகலப்படுத்தப்பட்டது. அகலத்துக்கு வேண்டிய இடம் நடைபாதையிலிருந்து எடுக்கப்பட்டது.

அந்தப் படிவம் இன்றும் என்னை உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டியதாக ஐ.நா. அறிவித்தது. அதற்கு முன்பே, 2018 இல், அதே அமைப்பு ஒரு கணிப்பை வெளியிட்டிருந்தது. அப்போது மக்களில் 55 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தார்கள். 2050 இல் அது 68 விழுக்காடாகும். நகரங்களில் மேலும் 250 கோடிப் பேர் சேர்வார்கள். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பார்கள். அவர்கள் நடக்கப்போகும் தெருக்களில் பல இன்னும் போடப்படவே இல்லை. வண்டியை எண்ணி மனிதரை விட்டுவிடும் அதே கணக்கைக் கொண்டு அவற்றையும் போட்டுவிடுவோமோ என்பதுதான் என் கவலை.

நெரிசல் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சாலையை அகலப்படுத்துவது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அகலமான சாலை புதிய பயணங்களை வரவழைக்கிறது. முன்பு நெரிசலுக்கு அஞ்சி விடியற்காலையில் புறப்பட்டவர் எட்டு மணிக்குப் புறப்படுகிறார். ரயிலில் போனவர் கார் வாங்குகிறார். இன்னொருவர் தொலைவில் வீடு கட்டுகிறார். உச்ச நேரச் சாலை எப்படியும் நிரம்பிவிடும் என்று பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962 இலேயே எழுதிவிட்டார். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி விரைவுச்சாலையின் விரிவாக்கம் 2008 இல் முடிந்தது. பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரத்தில் பயணம் மீண்டும் நீளத் தொடங்கியது. அவ்வளவு பணமும் நிலமும் உள்ள நாட்டுக்கே கைகூடாத வழி அது. இரண்டும் இல்லாமல் வேகமாக வளரும் நகரங்கள் அதைப் பின்பற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எதை எண்ண வேண்டும் என்பதை மாற்றினால் விடையும் மாறிவிடும். மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீதி வடிவமைப்பு வழிகாட்டிகள் சொல்லும் கணக்குப்படி, அதில் கார்கள் ஓடினால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை கடக்கலாம். அதையே பேருந்துக்கான தனித்தடமாக்கினால் 4,000 முதல் 8,000 பேர். வெறும் நடைபாதையாக விட்டாலே 9,000 பேர். மின்சாரக் கார்கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். அவற்றால் புகை குறையும், அது பெரிய நன்மை. ஆனால் அவை அடைக்கும் இடம் ஓர் அங்குலம்கூடக் குறையாது.

பேருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வளரும் நகரத்தைத் தூக்கி நிறுத்தக்கூடியது அதுதான், அலட்சியமாக நடத்தப்படுவதும் அதுதான். பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974 இல் பேருந்துக்குத் தனித்தடம் அமைத்தது. அந்தத் தடங்களை ஒட்டித்தான் உயரமான குடியிருப்புகள் வரலாம் என்று நிலப் பயன்பாட்டு விதிகளையும் அதோடு இணைத்தது. கொலம்பியாவின் பொகோட்டா 2000 இல் டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. ஒரு பேருந்து, நிலையத்தில் நிற்கும்போதே பின்னால் வருவது தாண்டிப்போக இன்னொரு தடம் விட்டார்கள். இதனால் ஒரு திசையில் மணிக்கு 40,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச்செல்ல முடிந்தது. இன்று அங்கும் கூட்டம் தாங்கவில்லை என்ற புகார் உண்டு. ஆனால் அது பயன்படுத்துவோர் பெருகியதால் வந்த புகார்.

இவற்றைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் சாலையில் பூசிய வண்ணத்தை மட்டும் நகலெடுக்கிறார்கள். என் அனுபவத்தில் ஒரு பேருந்துச் சேவையின் உயிர், வண்டிகளுக்கு இடையே உள்ள நேரத்தில்தான் இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்பார். இடையில் வண்டி மாற வேண்டியிருந்தால் இன்னொரு பத்து. அதை ஆறு நிமிடத்துக்கு ஒன்றாக்கினால் இரண்டு காத்திருப்பும் சேர்ந்து ஆறே நிமிடம். புதிய பாலம் வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம். கூடுதல் வண்டிகளும் ஓட்டுநர்களும், அந்தத் தடத்துக்குள் கார் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் உறுதியும் போதும். திறப்பு விழாவில் காட்ட எதுவும் இருக்காது என்பதால்தானோ என்னவோ, இதற்கு நிதி கேட்டால் கூட்டத்தில் முகங்கள் வாடிவிடுகின்றன.

பல நகரங்களில் மக்களை உண்மையில் சுமப்பவை தனியார் சிற்றுந்துகள். அரசு ஆவணங்களில் அவற்றைத் தொல்லையாகவே எழுதிவைப்பார்கள். நைரோபியில் பல்கலைக்கழகத்தினரும் மாணவர்களும் கைப்பேசியோடு மட்டாட்டு என்னும் சிற்றுந்துகளில் ஏறி, வழித்தடங்களைப் பதிவுசெய்து 2014 இல் வரைபடமாக வெளியிட்டார்கள். ஒழுங்கே இல்லை என்று எண்ணப்பட்டதற்குள் ஒரு வலைப்பின்னல் இருந்தது தெரிந்தது. அகற்றுவதைப் பற்றிப் பேசும் முன் இப்படி ஒரு வரைபடமாவது வேண்டும்.

மீண்டும் படிவத்துக்கு வருகிறேன். வீடுவீடாகச் செய்யும் பயணக் கணக்கெடுப்பிலும் இதே கோளாறு உண்டு. "வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்?" என்று குடும்பத் தலைவரிடம் கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். வியன்னாவின் ஒன்பதாவது மாவட்டத்தில் 1999 இல் மக்களின் அன்றாடப் பயணங்களைக் கேட்டபோது, ஆண்கள் சீக்கிரம் எழுதி முடித்துவிட்டார்கள். பெண்களின் விடைகள் நீண்டுகொண்டே போயின. குழந்தையைப் பள்ளியில் விட்டு, மருத்துவரிடம் போய், பொருள் வாங்கி, முதியவரைப் பார்த்து, வேலைக்கும் போய்வரும் சிறுசிறு பயணங்கள், அதிலும் பெரும்பகுதி நடந்தும் பொதுப் போக்குவரத்திலும். அதன் பிறகு நகராட்சி நடைபாதைகளை அகலமாக்கியது, விளக்குகளைக் கூட்டியது, படிகளில் தள்ளுவண்டி ஏறச் சரிவு அமைத்தது. கேள்வி சரியாக இருந்ததால்தான் அங்கே தெரு சரியானது.

வேகத்தையும் சொல்லாமல் விட முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் நடப்பவர்கள், சைக்கிளிலும் இருசக்கர வாகனத்திலும் செல்பவர்கள். வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டர் வரம்பு வைக்க வேண்டும் என்று நாங்கள் மன்றாடுவது அதனால்தான். பலகை மட்டும் போதாது. தெருவைக் குறுக்கி, கடக்கும் இடத்தை மேடாக்கினால் ஓட்டுபவர் தானாகவே மெதுவாக வருவார்.

கார் வைத்திருப்பவர்களிடம் கட்டணம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் ஸ்டாக்ஹோமைச் சொல்வேன். அங்கே முதலில், 2005 ஆகஸ்டில், கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். 2006 ஜனவரியில்தான் நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் வந்தது, அதுவும் ஏழு மாதச் சோதனையாக. எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தொடக்கத்தில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். சோதனை முடிந்து வாக்கெடுப்பு நடந்தபோது நகரவாசிகள் ஆதரித்தார்கள். 2007 இல் அது நிரந்தரமானது. வரிசையைக் கவனியுங்கள். மாற்று வழியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கட்டணம் கேட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது நகரத்தின் விளிம்பு. வீடுகள் வந்த பிறகு தெருவுக்கு இடம் எடுப்பது வேதனையான வேலை. நிலத்துக்காகவும் இழப்பீட்டுக்காகவும் வழக்குகள் நீளும், குடும்பங்கள் இடம்பெயரும். காலி நிலமாக இருக்கும்போது வரைபடத்தில் கோடு போட்டுக் காப்பது எளிது. நியூயார்க் தன் மன்ஹாட்டன் தெருக்களை 1811 இல் வரைந்தபோது அங்கே மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பார்சிலோனாவின் விரிவாக்கத்துக்கு 1859 இல் திட்டமிட்ட இல்டிஃபோன்ஸ் செர்தா, சாதாரணத் தெருவுக்கே 20 மீட்டர் விட்டார். இன்று அங்கே மரங்களும் அகலமான நடைபாதைகளும் இருப்பதற்கு அந்த 20 மீட்டர்தான் காரணம்.

உங்கள் பகுதியில் அடுத்த சாலைத் திட்டத்தின் வரைபடத்தைப் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள். கணக்கெடுப்புப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் நடப்பவர்களுக்குக் கட்டம் இருக்கிறதா, பேருந்துக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறதா, கணக்கெடுத்த நாளில் பள்ளி நடந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் திட்டம் ஒப்புதலுக்குப் போகும் முன் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். ஒப்புதலுக்குப் பிறகு எங்களைப் போன்றவர்களால்கூட அந்தக் கோடுகளை நகர்த்துவது மிகக் கடினம்.