ஓக் கன்றின் வேரைக் காற்று கத்தரிக்கும் விதம்

ஓக் கன்று வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இலையைத்தான் பார்க்கிறார்கள். பச்சையாக இருக்கிறதா, உயரமாகிறதா என்று. ஆனால் தோட்டத்திலோ காட்டிலோ நட்ட பிறகு அந்த மரம் நிலைக்குமா என்பது, முதல் சில வாரங்களில் தொட்டிக்குள் அதன் வேர் எந்தப் பக்கம் திரும்பியது என்பதில்தான் பெரிதும் இருக்கிறது.

முதலில் விதை. ஓக் கொட்டையைத் தானியம் போலக் காயவைத்துச் சேமிக்க முடியாது, உள்ளே ஈரம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கரு செத்துவிடும், அப்புறம் எவ்வளவு ஊறவைத்தாலும் பயனில்லை. உதிர்ந்ததும் பொறுக்கித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவற்றில் பெரும்பாலானவை காய்ந்தவை, இல்லையென்றால் கூன்வண்டின் புழு உள்ளே குடைந்தவை. மூழ்கியவற்றை லேசான ஈரத்தோடு பையில் கட்டி, உறையாமல் 1 முதல் 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். வெள்ளை ஓக் வகைகள் பெரும்பாலும் உதிர்ந்த சில வாரங்களிலேயே வேர் விட்டுவிடும். சிவப்பு ஓக் வகைகள் சில வாரங்களோ சில மாதங்களோ குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

முளைக்கும்போது முதலில் வருவது தண்டு இல்லை, ஆணிவேர். கூரான முனை வழியாக வெளியே வந்து நேரே கீழே இறங்கும். வித்திலைகள் இரண்டும் மண்ணுக்குள்ளேயே இருந்து, சேர்த்து வைத்த மாவுச்சத்தை ஊட்டிக்கொண்டே இருப்பதால், மேலே ஓர் இலை விரியும் முன்பே வேர் ஒரு சாண் தாண்டியிருக்கும். வேர்முனைத் தொப்பிக்குள் இருக்கும் மாவுத் துகள்கள் புவியீர்ப்பில் கீழே படிவதால் வேருக்குத் திசை தெரிகிறது. அடி மூடிய தொட்டி என்றால் அடியைத் தொட்டதும் போக இடமின்றி சுவரோரமாகச் சுற்றத் தொடங்கும். அந்தச் சுருள் நட்ட பிறகும் தானாகப் பிரியாது. ஆண்டுகள் போகப் போக வேர்கள் பருத்து ஒன்றையொன்று இறுக்கும், சில சமயம் தண்டின் அடியையே நெரித்துவிடும்.

இதற்குத் தீர்வு, அடி திறந்த உயரமான குழாய்த் தொட்டி. அதைக் கம்பி வலைமேல், தரைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். அடியில் காற்று ஓட வேண்டும், அது முக்கியம். வேர்முனை திறந்த அடியை எட்டி வறண்ட காற்றில் நீண்டதும் அந்த நுனி காய்ந்து கருகிவிடும், ஆனால் வேர் சாகாது. நுனி உயிரோடு இருக்கும்வரை அருகே பக்கவேர்கள் கிளம்புவதை அது அடக்கி வைத்திருந்தது, அந்த அடக்கல் போனதும் மேலே பல இடங்களில் புதுவேர்கள் எழுகின்றன. அவையும் ஓரத்துக்கு வந்து கீழே திரும்ப, தொட்டிச் சுவரில் நெடுக உள்ள மேடுகள் அவற்றைச் சுற்றவிடாமல் நேரே இறக்கிவிடும். கன்றை உருவிப் பார்த்தால் ஒற்றை ஆணிவேருக்குப் பதிலாக வெள்ளை நுனிகளோடு ஒரு கற்றை தெரியும். மண்ணில் இறங்கியதும் அத்தனை நுனிகளும் ஒரே நேரத்தில் தண்ணீர் தேடிப் புறப்படும்.

உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்த பிறகு அடியில் ஈரம் நிறைந்த ஒரு பட்டை நின்றுவிடும், அதன் தடிமன் தொட்டியில் நிரப்பும் கலவையின் துகள் அளவைப் பொறுத்ததே தவிர, தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது இல்லை. ஆக குட்டையான தொட்டியில் அது பாதி வேரை மூழ்கடிக்கும், 30 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் அடியில் கொஞ்சம்தான். கீழே சரளைக் கல் போட்டால் வடியும் என்பது தவறு, ஈரப்பட்டை சரளைக்கு மேலே ஏறி நிற்கும், அவ்வளவுதான். தென்னை நார்க்கழிவு, பெர்லைட் என்னும் பொரிந்த எரிமலைக் கல் துகள், நன்றாக மக்கிய மரப்பட்டைத்தூள் போன்ற பொலபொலப்பான கலவை போதும்.

இந்த ஈரத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் பைட்டோப்தோரா. வேரழுகலை உண்டாக்கும் இந்த நுண்ணுயிரியின் வித்துகளுக்கு நீந்தும் வால்கள் உண்டு, நீர்ப்படலம் கிடைத்தால் போதும், வேரைத் தேடிப் போய்விடும். தரையில் வைத்த தொட்டிக்கு மழை தெறிப்பிலேயே தொற்று வரும். கன்று வெளியே நலமாகத் தெரிந்தபடி அதை உங்கள் நிலம்வரை சுமந்து போகவும் கூடும், அதுதான் பயமே. ஆகவே பழைய தொட்டியைக் கழுவிக் கிருமி நீக்காமல் பயன்படுத்தாதீர்கள். நீரை நன்றாக ஊற்றி, மேற்பரப்பு காய்ந்த பிறகே மறுபடி ஊற்றுங்கள்.

கொட்டையை 2, 3 சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கவைத்து ஊன்றினால் சரி. தண்டு விட்டு விட்டுத்தான் வளரும். ஒரு கொத்து இலை விரிந்ததும் மேலே ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும், அந்த வாரங்களில் வேர் வேலை செய்துகொண்டிருக்கும். பொறுமையிழந்து உரம் அள்ளிப் போடவேண்டாம்.

ஒரு பருவத்துக்கு மேல் தொட்டியில் வைக்காதீர்கள். மண் ஈரமாகவும் கன்று உறக்கத்திலும் இருக்கும் காலம் நடுவதற்கு ஏற்றது. தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்கட்டும், ஆழப் புதைத்தால் மூச்சுமுட்டும். சுற்றிலும் புல்லைக் கண்டிப்பாக அகற்றுங்கள், முதல் சில ஆண்டுகளில் கன்றின் தண்ணீரைப் பறிப்பதில் புல்லை மிஞ்ச ஆளில்லை. எலியும் மானும் வரும் இடமென்றால் நட்ட அன்றே வலைக்கூண்டும் போட்டுவிடுங்கள்.