பின்கால் இல்லாத நாற்காலி

சென்ற மாதம் என் பட்டறைக்கு இரண்டு நாற்காலிகள் வந்தன. குரோமியம் பூசிய வளைந்த உருக்குக் குழாய், பின்கால் கிடையாது, மரச்சட்டத்தில் பிரம்புப் பின்னல். முதலாவதில் பிரம்பு தொய்ந்ததும் யாரோ பிளைவுட் வைத்து ஆணி அடித்து, மேலே ரெக்சின் மெத்தையும் போட்டிருந்தார்கள். மெத்தையைப் பிரித்தால், பிரம்பைச் செருகும் காடி நெடுகப் பிளந்து கிடந்தது. பிரம்பு மாற்ற அரை நாள் போதும். சட்டத்தை மீட்க எனக்கு நான்கு நாள் ஆனது.

செஸ்கா என்று இன்று கடைகளில் விற்கும் இந்த வடிவம் மார்செல் பிராயர் 1928-இல் வடித்தது. அவர் ஹங்கேரியில் பிறந்தவர். ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் தச்சுப் பட்டறையை நடத்தியவர். சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்துத்தான் குழாயை வளைக்கும் எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். பின்கால் இல்லாத யோசனை அவருக்கு முன்பே டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாமுக்கு வந்துவிட்டது. எரிவாயுக் குழாய்களை முழங்கை இணைப்புகளால் பூட்டி 1926-இல் அவர் செய்து பார்த்தார். அந்த நாற்காலி நின்றது, ஆனால் அசைந்து கொடுக்கவில்லை. பிராயருடையது உட்காருபவரை மெல்லத் தாங்கி இறக்குகிறது. குளிர்ந்த உருக்குக்குப் பக்கத்தில் பழைய காப்பிக்கடை நாற்காலியின் பிரம்பைக் கொண்டுவந்து வைத்ததுதான், என் கண்ணுக்கு, அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம்.

பிரம்பின் பளபளப்பான மேல்புறம் தண்ணீரை உள்ளே விடாது, அடிப்புறம் உறிஞ்சும். எனவே தொய்வு தெரிந்தவுடன் நாற்காலியைக் கவிழ்த்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் அடிப்புறத்தை நன்றாக நனைத்து, ஓரிரவு காயவிடுங்கள். இழை அறுந்திராவிட்டால் பெரும்பாலும் இறுகிவிடும். அடிப்புறத்தில் வார்னிஷ் அடித்தால் இந்த வழி அடைபட்டுவிடும். நேர்வெயிலும் ஏசியின் வறண்ட காற்றும் பிரம்பை முறுகச் செய்யும். பல்பு மாற்ற அதன்மேல் ஏறி நிற்பவர்களுக்கு நான் என்ன சொல்ல!

குழாயில்தான் உயிர் பயம். ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழும்போதும் முன்வளைவு சற்று மூடித் திறக்கிறது. மலிவுப் போலிகளில் குழாயின் சுவர் மெலிதாக இருக்கும். மெல்லிய விரிசல் முன்வளைவின் அருகிலோ திருகுத் துளையிலோ தொடங்கும். அதையொட்டித் துருக்கோடு தெரியும். புதிதாகக் கிறீச்சிடும் சத்தமும் ஓர் அறிகுறி. வெல்டிங் வைத்தால் அந்த இடம் விறைத்து, பக்கத்திலேயே மறுபடி விட்டுப்போகும்.

இரண்டாவது நாற்காலியைக் கவிழ்த்தபோது இடது முன்வளைவில் நகக்கீறல் போல ஒரு கோடு. "பற்றவைத்துக் கொடுங்களேன்" என்றார் வாடிக்கையாளர். முடியாது என்று சொல்லி, பிரம்புக்கும் கூலி வாங்காமல் திருப்பிக் கொடுத்தேன். இப்போது அதன்மேல் பழைய செய்தித்தாள்கள் அடுக்கியிருப்பதாகக் கேள்வி.