மினியேச்சரின் பின்மூடியைத் திறக்காதீர்கள்

பழுதுபார்க்க என்னிடம் வரும் பழைய பிரெஞ்சு உருவப்பட மினியேச்சர்களில், அதாவது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன முகஓவியங்களில் பல, வயதானதால் கெட்டவை அல்ல, வாங்கியவர் ஆசையாகச் சட்டத்தைத் திறந்ததால் கெட்டவை. பின்னால் ஓவியரின் கையெழுத்தோ பெயர் எழுதிய துண்டுச் சீட்டோ இருக்குமா என்று பார்க்கத்தான் திறக்கிறார்கள். அந்த ஆர்வம் எனக்கும் புரிகிறது.

ஆனால் உள்ளே இருப்பது என்ன? 18ஆம் நூற்றாண்டிலிருந்து இவற்றைப் பெரும்பாலும் யானைத் தந்தத்தின் மேல்தான் வரைந்தார்கள், அதுவும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத, வெளிச்சம் ஊடுருவுகிற தகட்டில். முகம் அவ்வளவு உயிரோட்டமாகத் தெரிய அந்தத் தந்தத்தின் மினுமினுப்பே காரணம். வண்ணமோ கோந்தில் குழைத்த நீர்வண்ணம். தந்தம் காகிதம் மாதிரி வண்ணத்தை உறிஞ்சாது, அதனால் அது மேலாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது; ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்தால் கன்னம் அப்படியே வந்துவிடும், பேசும்போது தெறிக்கும் எச்சில் துளிகூட ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டுப்போகும். பல படங்களில் கண்ணாடியையும் தந்தத்தையும் சேர்த்து, ஓரத்தைச் சுற்றி மாட்டுக்குடல் சவ்வு ஒட்டியிருக்கும். அதைக் கத்தியால் கீறிவிட்டால் தூசியும் ஈரமும் தாராளமாக உள்ளே போகும், தந்தம் வளையும், சில சமயம் நெடுகப் பிளந்தேவிடும்.

சரி, கையெழுத்து? இசபே, ஒகுஸ்தான் போன்ற பிரெஞ்சு மினியேச்சர் ஓவியர்கள் பெரும்பாலும் முன்பக்கத்திலேயே, ஓரத்தை ஒட்டிப் பொடி எழுத்தில் போட்டார்கள், பூதக்கண்ணாடி போதும். அதைக் கண்டதும் பணத்தை எடுத்துவிடாதீர்கள், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத், நெப்போலியனின் மனைவி ஜோசபின் ஆகியோரின் முகங்களை அலங்காரத்துக்காக வரைந்து, இதே ஓவியர்களின் பெயர்களைப் போட்டு ஏராளமாக விற்றிருக்கிறார்கள். ஓவியத்தைப் பாருங்கள். முகத்தில் ஒரே சீரான அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படத்தின் மேல் பூசியது.

திறந்தே ஆகவேண்டிய நிலை ஒன்று உண்டு. பழைய கண்ணாடி சிலவற்றில் அதிலுள்ள காரப்பொருள் (alkali) கசிந்து, உட்பக்கம் குட்டிக் குட்டித் துளிகள் பூக்கும். பார்ப்பவர்கள் பூஞ்சை என்று நினைப்பார்கள். அந்தத் துளி வண்ணத்தில் விழுவதற்குள், தந்த ஓவியங்களைப் பராமரித்துப் பழகிய நிபுணரிடம் கொடுத்துக் கண்ணாடியை மாற்றிவிடுங்கள்.

அப்புறம், வாங்குமுன் தந்த விற்பனை பற்றி அரசாங்கச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். பிரிட்டனில் 1918க்கு முந்தைய, 320 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத உருவப்பட மினியேச்சரை விற்கலாம், ஆனால் பதிவு செய்திருக்க வேண்டும். இந்தியாவில் தந்த வணிகத்துக்கே தடை.