பீரங்கி: பறங்கியின் உடன்பிறப்பு

லண்டனிலிருந்து பெறாமகள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தேம்ஸ் ஆற்றில் நிறுத்தி வைத்திருக்கும் எச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட் என்ற பழைய போர்க்கப்பல். மும்மூன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் குழல்களுக்குக் கீழே அவளும் மகனும். கூடவே ஒரு கேள்வி: "சித்தப்பா, இதுக்குத் தமிழ் என்ன எண்டு பெடியன் கேக்கிறான். பீரங்கியா, துவக்கா?"

"இரண்டும் தமிழில்லை" என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். உண்மைதான், ஆனால் அது பெடியனுக்குப் பதிலாகாது.

பீரங்கி என்ற சொல்லில் ஆயுதமே கிடையாது. இருப்பது ஓர் இனத்தின் பெயர். மேற்கு ஐரோப்பாவில் பிராங்குகள் என்ற இனத்தார் இருந்தார்கள். சிலுவைப் போர்க் காலத்து அரபிகள் அந்தப் பக்கத்திலிருந்து வந்த எல்லோரையும் அந்த ஒரே பெயரால் அழைத்தார்கள். பாரசீகத்தில் அது ஃபரங்கி, ஃபிரங்கி என்று ஆகி, இந்தியாவுக்கும் வந்தது. நமக்குத்தான் ஃப வராதே. ஆளைக் குறித்தபோது பரங்கி, பறங்கி என்றோம். அவன் கொண்டுவந்த வெடிக்குழலைப் பீரங்கி என்றோம்.

ஆளின் பெயரை ஆயுதத்துக்கு வைத்தது நாம் மட்டுமல்ல. 1526இல் பானிபட்டில் சுட்ட குழல்களைப் பாபர் தன் நினைவுக்குறிப்பில் ஃபிரங்கி என்றே எழுதுகிறார். சீனர்கள் போர்த்துக்கேயரின் பின்பக்கத்தால் மருந்து நிரப்பும் குழல்களுக்கு ஃபோலாங்ஜி என்று பெயர் வைத்தார்கள். அதுவும் இதே பிராங்குதான்.

பறங்கி மட்டும் பல வீட்டில் வாழ்க்கைப்பட்டது. தமிழ்நாட்டில் அது பறங்கிக்காய், சென்னையில் பரங்கிமலை. இலங்கையில், நம் பக்கத்தில், காய்க்குப் பூசணி என்ற பெயரே போதுமாக இருந்தது. ஆனால் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் என்று ஒரு சமூகமே இங்கே இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் பறங்கித்தெரு இருக்கிறது. தோலில் புண் புண்ணாக வரும் ஒரு நோய்க்குக்கூட இலங்கையில் பறங்கி என்றுதான் பெயர். வந்தவர்கள் மேல் நம்மவர்களுக்கு எவ்வளவு அன்பு என்று இதிலேயே தெரியும்.

துவக்கின் கதை வேறு. துருக்கியில் துஃபெக். அது தமிழ்நாட்டில் துப்பாக்கியானது, நமக்குத் துவக்கு, சிங்களத்தில் துவக்குவ. திருக்குறளின் வான்சிறப்பிலும் ஒரு துப்பாக்கி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வள்ளுவர் காலத்திலேயே நம்மிடம் ஆயுதம் இருந்தது என்று யாராவது சொன்னால், தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். அது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி. பேசப்படுவது மழை.

சரி, பெல்ஃபாஸ்டில் இருப்பது எது? தோளில் தூக்கிச் சுடுவதைத் துவக்கு என்று கேட்டே வளர்ந்த காதுக்கு, அந்தக் குழலைத் துவக்கு என்பது சற்றுச் சிரிப்பாக இருக்கிறது. ஆங்கிலக் கடற்படையினர் இரண்டையும் கன் என்ற ஒரே சொல்லால் சொல்வார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என் ஓட்டு பீரங்கிக்குத்தான், ஐயம் வந்தால் கப்பற் பீரங்கி. பொதுப்பெயர் வேண்டிய இடத்தில் சுடுகலன் இருக்கிறது. ஐந்நூறு வருடம் நம்மோடு இருந்துவிட்ட சொல்லைத் துரத்திவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்வதில் எனக்கு ஆர்வமில்லை.

புதுச்சொல் தேவைப்படுவது பீரங்கியைச் சுற்றியுள்ள உறுப்புகளுக்கு. பெல்ஃபாஸ்டில் இருப்பவை 12 குழல்கள், அவற்றைத் தாங்கித் திரும்பும் 4 சுழற்கூண்டுகள், கூண்டுக்கு மூன்று. 6 அங்குலப் பீரங்கி என்றால் வாயின் அகலம் 6 அங்குலம், நீளமல்ல. அது எறியும் எறிகணை 51 கிலோ, நம் ஊர்ச் சீமெந்துப் பை ஒன்றின் எடை. எறிகணை என்ற சொல்லை நம்மவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முன்பக்கக் குழல்கள் இப்போது குறிவைத்திருப்பது ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தள்ளி நெடுஞ்சாலையில் இருக்கும் ஓர் இளைப்பாறும் இடத்தை. கொழும்புக் கோட்டையில் நின்று மொரட்டுவைப் பக்கம் குறிவைத்தது போல.

அங்கேதான் கேள்வி. மொரட்டுவை கண்ணுக்குத் தெரியாதே? காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நிற்கும் பழைய பீரங்கிகளுக்கு இந்தக் கவலை இல்லை. குழலின் மேலாகக் கண்ணை ஓட்டிப் பார்த்தால் போதும். கப்பற் பீரங்கிக்குத் தனியாகக் கண் வேண்டும். அடுத்த முறை திடலுக்குப் போனால், இறால் வடையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு, துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பலுக்கு நேரே கட்டைவிரலை நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. விரல் இடம் மாறும். இரண்டு கண்களையும் பல அடி தள்ளி ஒரு நீண்ட குழாயின் இரு முனைகளில் வைத்ததாக நினையுங்கள். குழாயின் நடுவில் கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டில் அந்தக் கப்பலின் பாய்மரம் நடுவால் வெட்டுண்டு மேல்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கமாகத் தெரியும். திருகைத் திருப்பி இரண்டையும் ஒட்டவைத்தால் தூரம் வந்துவிடும். அமெரிக்காவின் அயோவா வகைப் போர்க்கப்பல்களின் சுழற்கூண்டில் இந்தக் குழாயின் நீளம் 46 அடி.

இதற்கு என்ன பெயர்? நம் பள்ளிக்கூடத் தமிழில் பார்ப்பதற்குக் காட்டி: தொலைகாட்டி, நுணுக்குக்காட்டி. அளப்பதற்கு மானி: வெப்பமானி. இது பார்த்து அளக்கும் கருவி. தூரமானி என்று வைக்கலாம் என்றால், வாகனம் ஓடிய தூரம் காட்டுவதையும் அப்படிச் சொல்லலாமே. அதனால் தொலைவுமானி என்பேன்.

அதன் அருமை தெரிய 1914 நவம்பர் 9ஐப் பார்க்க வேண்டும். கொக்கோஸ் தீவருகே ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் முதலில் சுட்ட குண்டுகளில் ஒன்று, அவுஸ்திரேலியாவின் சிட்னி கப்பலில் தொலைவுமானியைப் பிய்த்து, அதில் கண் வைத்திருந்த மாலுமியையும் கொன்றது. ஆனாலும் பெரிய பீரங்கி சிட்னியிடம் இருந்தது, வென்றதும் அதுதான். உயிர் பிழைத்த எம்டன் மாலுமிகளை அது கொண்டுவந்து சேர்த்தது கொழும்புக்கு. எம்டன் என்ற பெயர் மட்டும் கெட்டிக்காரனைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் தங்கிவிட்டது. அது இன்னொரு நாள் கதை.

பெறாமகளுக்கு "பீரங்கி" என்று ஒரே சொல்லில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பெடியனே குரல் பதிவு போட்டான்: "அப்ப அதுக்குள்ள இருந்து பாக்கிறது?"