பூச்சியத்தில் நிற்கத் தெரியாத டைமர்கள்

லாஜிக் ஐசிகளை (0, 1 அல்லது தாழ்வு, உயர்வு என்ற இரு நிலைகளில் மட்டும் இயங்கும் சில்லுகளை) கொண்டு கவுண்ட்டவுன் டைமர் செய்துகொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: 00:00 வந்த பிறகு என்ன ஆகும்? பலர் பதில் சொல்வதற்கு முன்பே பலகை சொல்லிவிடும். 99:59 என்று ஒளிர்ந்து, மறுபடியும் இறங்கத் தொடங்கும். எண்ணைக் குறைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அதற்கென்றே 74எல்எஸ்192 என்ற எண்ணி ஐசி இருக்கிறது; ஓர் இலக்கத்துக்கு ஒன்று. தொடங்கும் கணம், நிமிடம் மாறும் கணம், நிற்கும் கணம், மின்சாரம் வந்த முதல் கணம் ஆகியவற்றில்தான் இந்தச் சுற்றுகள் வழுக்குகின்றன. பழுதுபார்க்க வரும் பலகைகளிலும் மாணவர்களின் வரைபடங்களிலும் நான் பார்ப்பது இதையேதான்.

முதலில் நொடித் துடிப்பு. பலரும் 555 என்ற டைமர் ஐசியில் ஆரம்பிக்கிறார்கள்; ஒரு மின்தேக்கி நிரம்பிக் காலியாகும் நேரமே அதன் துடிப்பு. விளக்கைச் சிமிட்டச் செய்ய அது நல்ல ஐசி. நேரத்தை அளக்க வேண்டுமானால், அதனுடன் சேரும் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் மதிப்பே 20 விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிரீசெட் என்னும் மாறும் மின்தடையைத் திருகி ஒரு விழுக்காட்டுக்குள் கொண்டுவந்தாலும் பத்து நிமிடத்தில் 6 நொடி பிசகும். போதாததற்கு, நிறுத்தி வைத்திருந்த 555இன் முதல் துடிப்பு எப்போதும் நீளமாகவே இருக்கும். மற்றச் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தத்திலிருந்து நிரம்பும் மின்தேக்கி, முதல் சுற்றில் மட்டும் வெறுமையிலிருந்து நிரம்ப வேண்டியிருக்கிறது. 32,768 ஹெர்ட்ஸ் கடிகாரக் கிரிஸ்டலும் சிடி4060 என்ற பகுப்பான் ஐசியும் இருந்தால் இந்தத் தொல்லைகள் இல்லை. 4060 அதை 14 முறை பாதியாக்கி 2 ஹெர்ட்ஸ் தரும். இன்னொரு முறை பாதியாக்க ஒரு பிளிப்-பிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சுற்று) சேர்த்தால் 1 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒரு துடிப்பு. தொடங்கும் பொத்தானோடு 4060இன் ரீசெட்டையும் (எண்ணிக்கையைப் பூச்சியமாக்கும் காலையும்) இணைத்தால் ஒவ்வொரு முறையும் முதல் நொடி ஒரே அளவில் இருக்கும். ஆனால் ரீசெட்டைப் பிடித்தே வைத்திருக்கக் கூடாது. அது கிரிஸ்டலை அதிரவைக்கும் ஆசிலேட்டரையும் நிறுத்திவிடும். இந்தக் கிரிஸ்டல் மறுபடி அதிரத் தொடங்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு குறுந்துடிப்பு போதும்.

192இல் ஏறவும் இறங்கவும் தனித்தனி கிளாக் கால்கள் (துடிப்பை வாங்கும் கால்கள்) உண்டு. கிளாக் தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும்போதுதான் எண் மாறும். இறங்க மட்டும் பயன்படுத்தினால் ஏறும் கிளாக்கை 5 வோல்ட்டில் கட்டிவிட வேண்டும். தொங்கவிட்டாலும் வேலை செய்வதுபோலத்தான் தெரியும், பக்கத்தில் ஒரு ரிலே (மின்காந்தச் சுவிட்ச்) இயங்கி மின்இரைச்சலைக் கிளப்பும்வரை. ஒவ்வொரு ஐசியின் மின்வழங்கல் கால்களுக்கும் அருகிலேயே 0.1 மைக்ரோஃபேரட் மின்தேக்கி வைக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

அடுத்தது நிமிடம் மாறும் இடம். கழித்தல் கணக்கைப் போலவே ஒவ்வோர் இலக்கமும் பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குகிறது. 192இன் ‘பாரோ’ கால் அதற்குத்தான். நொடியின் பத்துகள் இலக்கம் மட்டும் 0இலிருந்து 9க்குப் போகாமல் 5க்குப் போக வேண்டும். பாரோவையே லோட் காலில் (தாழ்ந்தால், முன்பே வைத்த எண்ணை ஏற்றும் காலில்) இணைத்தால் தீர்ந்தது என்று எண்ணத் தோன்றும். தீராது. கிளாக் தாழ்ந்திருக்கும்போதே பாரோ தாழ்ந்துவிடுவதால், 5 அரை நொடி முன்னதாகவே ஏறி, நிமிடமும் முன்னதாகவே குறையும். 2:00 வந்து அரை நொடியில் 1:50 ஆகி, பிறகு 1:49 என்று காட்டும் டைமரைப் பார்த்தால் கோளாறு இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

9 வந்துவிட்டதா என்று பார்த்து 5ஐ ஏற்றுவதே சரியான வழி. இருமத்தில் 9 என்பது 1001, 5 என்பது 0101. முதல், கடைசி பிட்டுகள் இரண்டையும் ஒரு நேண்ட் கேட்டில் (எல்லா உள்ளீடும் 1 ஆனால் மட்டும் 0 தருவதில்) சேர்த்து லோடுக்குக் கொடுக்கலாம். இங்கும் ஒரு பொறி இருக்கிறது. லோட் தொடங்கியதும் மேல்பிட் விழுந்துவிட்டால், நேண்ட்டின் கட்டளையும் அந்தக் கணமே மறைந்துவிடும். நான்கின் பிட் அதற்குள் ஏறியிருக்காவிட்டால் கிடைப்பது 0001, அதாவது 1. பத்து ஐசிகளில் ஒழுங்காக ஓடிய சுற்று பதினோராவது ஐசியில் 1:00க்கு அடுத்து 0:19 காட்டுவது இப்படித்தான். அங்கே ஒரு சிறு மின்தேக்கியை வைத்து ஒப்பேற்றுபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு கேட்டுகளில் ஒரு லாட்ச் (நிலையைப் பிடித்துவைக்கும் சுற்று) அமைத்து, 9 அதை ஏற்றவும், கிளாக் அடுத்து விழும்போது அது இறங்கவும் செய்தால் லோடுக்கு முழு அரை நொடி கிடைக்கும். பயனர் நேரம் வைப்பதற்கு இந்த லோடைத் தொட வேண்டாம். நிமிடத்தை மட்டும் சுழல்சுவிட்சில் தேர்ந்து ஏற்றி, நொடிகளை கிளியர் காலால் 00 ஆக்கினால் பாதிச் சிக்கல் குறையும்.

டிஸ்பிளேயைப் பற்றி ஒன்று மட்டும்: எண்ணை வரையும் ஏழு கோடுகளில் (செக்மெண்ட்) ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை வையுங்கள். பொதுக் காலில் ஒன்றை வைத்துச் சிக்கனம் பிடித்தால் 1 பளிச்சென்றும் 8 மங்கலாகவும் தெரியும்.

இனி நிறுத்தம். எல்லா இலக்கங்களும் பூச்சியமாகி, கிளாக்கும் தாழ்ந்ததும் நிமிடத்தின் பத்துகள் இலக்கத்தின் பாரோ தாழும். அதைக்கொண்டு டைமர் ஓடுகிறதா என்பதை நினைவில் வைக்கும் ‘ஓட்டம்’ பிளிப்-பிளாப்பை அணைத்து, கிளாக்கை ஒரு கேட் வழியே தடுக்க வேண்டும். ஆர் கேட்டை (ஏதேனும் ஓர் உள்ளீடு 1 ஆனாலே 1 தருவதை) கொண்டு தடுத்தால் கிளாக் உயர்நிலைக்குப் போகும். அந்த ஏற்றமே இன்னொரு துடிப்பாகி 99:59 வந்துவிடும். ஆண்ட் கேட்டை (எல்லா உள்ளீடும் 1 ஆனால்தான் 1 தருவதை) கொண்டு தடுத்தால், ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் கிளாக் தாழ்ந்தபடியே இருக்கும். நான் முதலில் கேட்ட கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த ஒரு கேட்டில்தான் இருக்கிறது.

ரிலே வழியாக ஹீட்டரோ புறஊதா விளக்கோ இயக்குவதானால் இன்னும் கவனம் வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது 192கள் எந்த எண்ணில் விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘பூச்சியம் இல்லை என்றால் ஹீட்டர் ஓடட்டும்’ என்று அமைத்த சுற்று, ஆளில்லாத அறையில் தானாகவே ஹீட்டரைப் போட்டுவிடும். ரிலேயை ஓட்டம் பிளிப்-பிளாப்பிலிருந்து மட்டுமே இயக்குங்கள். மின்சாரம் வந்ததும் அந்த பிளிப்-பிளாப் அணைந்த நிலையிலேயே விழிக்க, அதன் ரீசெட்டில் ஒரு மின்தடையும் மின்தேக்கியும் வையுங்கள். ரிலேயில் இயல்பாகத் திறந்திருக்கும் தொடுமுனையையே பயன்படுத்துங்கள். சுருள் கம்பி அறுந்தாலும் ஹீட்டர் அணைந்தே இருக்கும். சுருளின் குறுக்கே ஒரு டையோடு அவசியம்.

சோதிக்க 100 நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. 4060இன் 2 ஹெர்ட்ஸ் காலுக்குப் பதில் 32 ஹெர்ட்ஸ் காலை எடுத்தால் 99:59 முழுவதும் ஆறேகால் நிமிடத்தில் ஓடிவிடும். அது பூச்சியத்தில் நின்ற பிறகு மின்சாரத்தை இருபது தடவையாவது அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஹீட்டருக்குப் பதிலாக ஒரு எல்இடியை வைத்துக்கொண்டு.