டைவர்ஷன்: பக்கவழியா, சுற்றுவழியா?

நான்குவழிச் சாலை வேலை நடக்கிற இடத்தில் ‘டேக் டைவர்ஷன்’ என்று பலகை வைத்து, கீழே ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். குமரி மாவட்டத்தில் இந்தச் சொல் எல்லார் வாயிலும் பழகிப்போனது. “டைவர்ஷன் போட்டிருக்கு, சுத்திதான் போணும்” என்று நடத்துநர் சொன்னால் பேருந்தில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. இரண்டும் கெட்டுப்போகும் விதமும் வேறு.

ஒன்று, சிறுபாலத்தை இடித்துக் கட்டும்போது அதை ஒட்டியே மண் நிரப்பிப் போடும் தற்காலிகச் சாலை. மற்றொன்று, சாலையையே அடைத்துவிட்டு, ஏற்கெனவே இருக்கிற உள்ளூர்ச் சாலைகளில் வண்டிகளை அனுப்புவது. அமெரிக்கச் சாலைக் கையேடு முதலாவதை டைவர்ஷன் என்றும் இரண்டாவதை டீட்டூர் என்றும் பிரித்தே சொல்கிறது. பிரிட்டனில் இரண்டாவதன் பெயரே டைவர்ஷன். நம் ஊரில் இரண்டுக்கும் அதே சொல்தான். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

டைவர்ஷன் லத்தீன் வழி வந்தது. விலக்கித் திருப்புவது என்பது அதன் வேர்ப்பொருள். டீட்டூர் பிரெஞ்சுச் சொல். அதன் வேர் லத்தீனில் கடைசல் பிடிப்பதைக் குறித்த வினை; அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் கடைசல் கருவியின் பெயர். ஆக, சொல்லுக்குள்ளேயே ஒரு சுற்று இருக்கிறது. நடத்துநர் சொல்லும் ‘சுத்திப் போணும்’ பொருளில் அதற்கு மிக நெருக்கமானது.

செய்தித்தாள்களில் இரண்டுக்கும் ‘மாற்றுப்பாதை’ என்றே எழுதுகிறோம். பொதுச்சொல்லாக அது இருக்கட்டும். வேலைத் திட்டத்திலும் அறிவிப்பிலும் முதலாவதைப் பக்கவழி என்றும், இரண்டாவதைச் சுற்றுவழி என்றும் பிரித்து எழுதுவதே சரி. பக்கவழியை ஒப்பந்தக்காரர் கட்டித் தருகிறார். சுற்றுவழியை யாரும் கட்டுவதில்லை. அதனாலேயே அதைத் தயார்செய்ய வேண்டும் என்ற நினைப்பு வராமல் போகிறது.

பக்கவழிக்கு முறை தெளிவாகவே இருக்கிறது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 55-ஆம் சிறப்பு வெளியீடு வேலைத்தளத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறது: முன்னெச்சரிக்கை தரும் பகுதி, வண்டிகள் ஒதுங்கும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி. குமரியில் பக்கவழியைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. கால்வாய்க்குள் சிமெண்ட் குழாய் இறக்கி மேலே மண் கொட்டும்போது, கோடையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக் குழாயின் அளவை முடிவுசெய்தால், ஜூன் மாத வெள்ளம் மேலேறி மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும்.

சுற்றுவழிதான் கடினமானது. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையை அடைக்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். நாகர்கோவிலிலிருந்து திங்கள்சந்தை, கருங்கல் வழியாக மார்த்தாண்டம் போகலாம் என்று வரைபடத்தில் கோடு போடுவது எளிது. சாலையின் அகலத்தை அளந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். இருவழித் தடம் 7 மீட்டர், இடைநிலைத் தடம் 5.5 மீட்டர், ஒரே வண்டி போகும் ஒற்றைத் தடம் 3.75 மீட்டர். ஒரு பேருந்தின் அகலம் 2.6 மீட்டர் வரை வரும். 5.5 மீட்டர் சாலையில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் மிச்சம் 30 சென்டிமீட்டர்தான். பக்கக் கண்ணாடிகளுக்கே அது போதாது. ஒரு வண்டி தாரை விட்டு மண்ணில் இறங்கியாக வேண்டும். மழைக்காலத்தில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம் விழுந்திருக்கும். குளத்தங்கரை என்றால் இறங்கவே இடமிருக்காது. ஆகவே குறுகலான பகுதியில் போவதற்கு ஒரு சாலை, வருவதற்கு வேறொரு சாலை என்று பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வழியில் ரயில்வே கேட் இருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். ஒரு திசையில் மணிக்கு 300 வண்டிகள் வருகிற சாலையில் கேட் 10 நிமிடம் மூடினால் 50 வண்டிகள் நிற்கும். வண்டிக்கு 8 மீட்டர் என்று வைத்தாலும் வரிசை 400 மீட்டர். அந்த நீளத்துக்குள் ஒரு முக்கு வந்துவிட்டால், கேட்டுக்குப் போகாத வண்டிகளும் சேர்ந்தே நிற்கும்.

டாரஸ் எனும் பல சக்கரக் கனரக லாரிகளையும் கண்டெய்னர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. உள்ளூர்ச் சிறுபாலங்கள் அந்தச் சுமைக்குக் கட்டியவை அல்ல. 4 மீட்டருக்கு மேல் உயரமான பெட்டி, தாழ்ந்து தொங்கும் கேபிளை இழுத்துக்கொண்டு போகும். அவற்றுக்கு இரவு நேரம் ஒதுக்கி, வேலைத்தளத்தின் ஓரமாகவே ஒரு தடம் விட வேண்டும். அடைக்கும் நாளையும் பார்த்துக் குறிக்க வேண்டும். திங்கள்சந்தையில் சந்தை கூடும் நாள், ஞாயிறு காலை ஆராதனை முடியும் நேரம், கோட்டாறு சவேரியார் திருவிழா, நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரைக்குமான சபரிமலைக் காலம், இவற்றில் முழு அடைப்பு வேண்டவே வேண்டாம்.

அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட்டில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் இடிந்தபோது, பக்கத்திலிருந்த 280-ஆம் எண் சாலையைச் சுற்றுவழியாக்கினார்கள். பலகை வைத்ததோடு விடவில்லை. அதிலிருந்த சிக்னல்களை எடுத்து, குறுக்குச் சாலைகளை அடைத்து, நிற்காமல் ஓடும் சாலையாகவே அதை மாற்றினார்கள். புதிய பாலம் திறந்தது 2008 செப்டம்பரில்.

தமிழில் இந்த வேலைக்கு இன்னும் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ஆற்றுப்படுத்துதல். சங்க காலத்தில் ‘ஆறு’ என்றால் வழி என்றும் பொருள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வருகிறவரிடம் எந்த வழியில் போவது, வழியில் என்னென்ன வரும், எங்கே தங்குவது என்று சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. நம் பலகைகள் ‘இங்கே போகாதே’ என்று சொல்வதோடு நின்றுவிடுகின்றன. தக்கலைக்கு அப்பால் அடைப்பு என்றால் முதல் பலகை நாகர்கோவிலிலேயே இருக்க வேண்டும். அடைப்புக்கு 50 மீட்டர் முன்னால் பார்க்கிற லாரிக்காரர் திருப்ப இடமில்லாமல் நிற்பார். அதன்பின் ஒவ்வொரு முக்கிலும் ஊர்ப்பெயரும் தூரமும் அம்புக்குறியும் வேண்டும். ஒரு முக்கில் பலகை விடுபட்டால், கைப்பேசி வரைபடம் காரை இன்னும் குறுகலான சந்துக்குள் கொண்டுபோய் விடும்.

வேலை முடிந்த அன்றே பலகைகளைக் கழற்றிவிட வேண்டும். சுற்றுவழியாக ஓடித் தேய்ந்த உள்ளூர்ச் சாலைக்குப் புதுத் தார் போடும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்திருக்க வேண்டும். பின்னால் கேட்டால் அதற்குச் செலவுக் கணக்கில் தலைப்பே இருக்காது.